கீறல் விழுந்த முட்டை

ஜூன் 2

ரேஷன் கடை. அம்மாவுடன் போனேன்.

இயந்திரத்தில் அம்மாவின் விரல் பதியவில்லை. வருடக்கணக்காக நூல் சுற்றி ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. விற்பனையாளர் தலை நிமிராமல் சொன்னார்: "மூக்கு மேல நல்லாத் தேச்சு வெய்யுங்கம்மா. எண்ணெய்ப் பசை புடிச்சா விழும்."

அம்மா கட்டைவிரலை மூக்கின் இரு பக்கமும் தேய்த்துக் கண்ணாடியில் வைத்தாள். பச்சை எரிந்தது. திரும்பிப் பார்த்தேன். வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அத்தனை மூக்கின் பசையும் அந்தச் சின்னக் கண்ணாடியில். என் விரலை வைக்க நேரவில்லை. நிம்மதி.

அரிசி இருந்தது. சர்க்கரை இருந்தது. துவரம் பருப்பும் பாமாயிலும் இல்லை.

"அடுத்த வாரம் வாங்க."

"போன மாசமும் இதயேதான் சொன்னீங்க."

"இந்த மாசமும் சொல்றேனுங்க."

மூட்டையை அம்மா தலையில் வைத்துக்கொண்டாள். நான் சர்க்கரையை எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 3

இந்த வீட்டில் நான்கு பேர். அம்மா, அண்ணன் பூபதி, அண்ணி, நான். வரிசை வீடுகளில் கடைசி. சுவருக்கு அந்தப் பக்கம் தறிப்பட்டறை. அண்ணன் அங்கே தறி ஓட்டுகிறான். அம்மா அங்கேயே நூல் சுற்றுகிறாள். தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. நான் எம்.ஏ. முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன். மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அண்ணிக்கு ஏழாம் மாதம். பெயர் கோகிலவாணி. எல்லோரும் வாணி என்பார்கள்.

இன்று அம்மா முறத்தில் அரிசியைக் கொட்டி, 'பிளாஸ்டிக் அரிசி' பொறுக்கினாள். அரிசிக்கு நடுவே கொஞ்சம் வெளிறிய மணிகள் கிடக்கின்றன. தண்ணீரில் போட்டால் மிதக்கின்றன. கலப்படம் என்று ஊர் முழுக்கப் பேச்சு. அண்ணன் கைபேசியில் ஒரு காட்சி காட்டினான். யாரோ ஒருவர் சோற்றை உருண்டையாக்கித் தரையில் அடிக்கிறார். பந்து போல் எழும்புகிறது.

பொறுக்கியதை அம்மா ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடினாள்.

"எதுக்கும்மா?"

"கலெக்டர் ஆபீசுல திங்கக்கெழம மனு வாங்குவாங்கல்ல. அவிய மூஞ்சிக்கு நேரா வெச்சுக் கேக்கோணும். உங்க புள்ளைக்கு இதயப் போடுவீங்களானு."

அருவருப்பாக இருந்தது. நாங்கள் தின்பது பிளாஸ்டிக்காக இருக்கலாம் என்பது ஒரு பக்கம். அதை ஒருத்தி பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்து வைப்பது இன்னொரு பக்கம்.

ஜூன் 5

முட்டைக்காரர் வந்தார். மொபெட். பின்னால் காலிச் சாக்குகள், முன்னால் முட்டை அட்டைகள். ரேஷன் அரிசியை வாங்கிக்கொண்டு முட்டை கொடுப்பார். கோழிப்பண்ணையில் தள்ளிவிட்ட, கீறல் விழுந்த முட்டைகள். சிலவற்றில் ஓட்டுக்கு மேலே வெள்ளை கசிந்து காய்ந்திருக்கும். அதில் ஒட்டிய இறகு. எச்சம்.

அரிசி பண்ணைக்குப் போகிறது.

"இந்த மாசம் அரிசி சுமாருங்க" என்றார்.

"உங்க கோழி என்ன, பிரியாணியா ஆக்கப்போவுது?" என்றாள் அம்மா.

"நாம எதயத் தின்னா என்னங்க. கோழி நல்லதாத் திங்கோணும். அப்பத்தான முட்டை போடும்."

பாதி மூட்டை போயிற்று. ஒரு அட்டை முட்டை வந்தது.

இது குற்றம் என்று வீட்டில் சொன்னேன். அரசு ஏழைக்குக் கொடுக்கும் தானியம் கோழித் தீவனமாகிறது, இதைக் கசிவு என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள், நாம்தான் அந்தக் கசிவு என்றேன்.

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டான்: "செரி. அப்ப உனக்கு முட்டை வேண்டாமா?"

மதியம் முட்டைக் குழம்பு. அண்ணனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. சாப்பிட்டேன். லேசான வாடை இருந்தது.

ஜூன் 9

அண்ணி சத்துமாவு உருண்டை பிடித்திருந்தாள். பால்வாடியில் கொடுத்த மாவு. மூன்று தின்றேன். வெல்லம் அதிகம்.

ஜூன் 12

நர்ஸ் வந்தார். கர்ப்பிணிகளை வீட்டுக்கே வந்து பார்க்கிறவர். கையில் பெட்டி, நெற்றியில் வியர்வை. அண்ணியின் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெளுத்திருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ரத்தம் ஏழுதான் இருக்கு. பதினொண்ணு இருக்கணும். மாத்திரை போடறியா இல்லையா?"

"போடறனுங்க."

"போட்டா இப்படியா இருக்கும்? பிரசவத்துல ரத்தம் போகும். போறதுக்கு மொதல்ல உடம்புல இருக்கணும்ல? ஆகஸ்டுக்குள்ள ஏறணும். இல்லைன்னா இங்க பிரசவம் பார்க்க மாட்டாங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவாங்க. அங்கயும் கஷ்டம்தான்."

இரும்புச்சத்து ஊசியைக் குளுக்கோசில் கலந்து மூன்று தடவை ஏற்ற வேண்டும், சுகாதார நிலையத்துக்கு யாராவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். யாராவது என்றபோது என்னைப் பார்த்தார்.

"தெனமும் ஒரு முட்டை. கீரை. பருப்பு. முடிஞ்சா ஈரல்."

அண்ணி தலையாட்டினாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஆட்டுவது மாதிரி.

ஜூன் 13

அண்ணி மாத்திரை போட்ட பிறகு வாந்தி எடுத்தாள். சுவர்கள் மெல்லியவை. புளித்த வாடை புத்தகம் வரைக்கும் வந்தது. கதவைச் சாத்தினேன்.

ஜூன் 16

முதல் ஊசிக்கு அண்ணியுடன் போனேன். மூன்று மணி நேரம் மர பெஞ்சு. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் வாயைத் திறந்தபடி தூங்கினாள். ஈ உட்கார்ந்து எழுந்தது. அண்ணி என்னிடம், "நீ போய்ப் படி கௌசி, நா வந்துக்குவேன்" என்று இரண்டு முறை சொன்னாள். இரண்டாவது முறை சொன்னதும் கிளம்பிவிட்டேன்.

ஜூன் 17

சர்க்கார் கொடுத்த ஊட்டச்சத்துப் பெட்டியில் பேரீச்சம்பழம் இருந்ததாம். பாக்கெட்டை அண்ணன் தறிக்கு எடுத்துப் போயிருக்கிறான். இரவு ஷிப்டில் வாயில் எதையாவது மென்றுகொண்டிருந்தால் தூக்கம் வராதாம்.

சாப்பாடு எல்லா நாளும் ஒன்றுதான். காலை இட்லி, அது அரிசி. மதியம் சோறு, அது அரிசி. இரவு சோறோ மிச்ச இட்லியோ. புளி ரசம், வெங்காயக் குழம்பு, ஊறுகாய். ரேஷன் அரிசிச் சோறு ஆறினால் ஒரு வாடை வரும், ஈரச் சாக்கு மாதிரி. பட்டறைப் பஞ்சு வேறு தட்டில் விழும். அதை எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும்.

பசி இல்லை. யாரும் பசியோடு தூங்குவதில்லை. இதை எழுதிவைக்கிறேன், நியாயமாக இருப்பதற்காக.

ஜூன் 21

மாதிரித் தேர்வு. நூற்றுக்கு எண்பத்தொன்று. ஒரு கேள்வி: செறிவூட்டப்பட்ட அரிசியில் சேர்க்கப்படுபவை எவை? விடை: இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12. சரியாக எழுதியிருந்தேன்.

மாலையில் அம்மாவுக்குக் கண் எரிச்சல். நானே முறத்தை வாங்கி பிளாஸ்டிக் அரிசி பொறுக்கினேன். பாட்டில் முக்கால் நிறைந்துவிட்டது.

ஜூன் 23

இரண்டாவது ஊசி. எனக்கு இன்னொரு மாதிரித் தேர்வு. அண்ணி தனியாகப் போவதாகச் சொன்னாள். போனாளா என்று கேட்கவில்லை.

ஜூன் 27

பருப்பு வந்துவிட்டதாம். அம்மா பட்டறையிலிருந்து ஓடினாள். அவள் போவதற்குள் தீர்ந்துவிட்டது. வெறும் பையை உதறி ஆணியில் மாட்டினாள்.

"அரிசி வேணா இன்னும் ரெண்டு கிலோ போடறேங்கறான். யாருக்கு வேணும் அரிசி."

ஜூலை 2

மறுபடி கடை. மறுபடி மூக்கு. அரிசி.

ஜூலை 4

அண்ணி அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் மேலே அந்த மணிகள் மிதந்தன. அண்ணி உள்ளங்கையால் அவற்றை ஒதுக்கிச் சாக்கடையில் தள்ளினாள். ஒன்று அவள் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. தேய்த்து விட்டாள்.

வாயில் பற்பசை நுரையோடு நின்றேன். பி12.

உள்ளே போய்ச் சாக்கைத் திருப்பினேன். அச்சடித்திருக்கிறது. செறிவூட்டப்பட்ட அரிசி. தமிழில், பெரிய எழுத்தில். இந்தச் சாக்கின்மேல் உட்கார்ந்து படித்திருக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். இது பிளாஸ்டிக் இல்லை, அரிசி மாவில் இரும்புச்சத்து கலந்து செய்த மணி, வேண்டுமென்றே சேர்க்கிறார்கள்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இரும்பு எங்கயாச்சும் தண்ணியில மெதக்குமா?"

அண்ணி சிரித்தாள். அண்ணன் சிரித்தான்.

"எம்மே படிச்சுப்போட்டு இரும்பு மெதக்குதுங்கறா" என்றான் அண்ணன். "வா, தறிய ஒண்ணத் தூக்கிக் காவேரில போட்டுப் பாக்கலாம்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அதுதான் இப்போது குமட்டுகிறது.

ஜூலை 5

யோசித்துப் பார்த்தால்: இரும்பு மணிகளைப் பொறுக்கி பாட்டிலில் போடுகிறோம். பொறுக்காத பாதி மூட்டையைப் பண்ணைக்குக் கொடுக்கிறோம். எங்கள் ஊர்க் கோழிகளுக்கு ரத்தசோகை இருக்காது.

ஜூலை 6

என் முட்டையை அண்ணியின் தட்டில் வைத்தேன்.

"அய்யோ, எனக்கெதுக்கு."

"நர்ஸ் சொன்னாங்கல்ல."

அம்மாவின் கரண்டி பாத்திரத்தில் இடிக்கும் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது.

ஜூலை 7

முட்டையை அண்ணிக்குக் கொடுத்தேன்.

ஜூலை 8

கொடுத்தேன். மனது லேசாக இருக்கிறது. நல்லவளாக இருப்பது இத்தனை மலிவு என்று தெரியாமல் போயிற்று.

ஜூலை 10

அண்ணன் ஷிப்டு முடிந்து வந்து தூக்குப் பாத்திரத்தைக் கழுவப் போட்டான். நல்ல சந்தோஷத்தில் இருந்தான்.

"நாலஞ்சு நாளா ரெண்டு முட்டை வருது. என்ன விசேசம்? அம்மாவுக்கு லாட்டரி அடிச்சுருச்சா?"

அண்ணி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் தூங்கிய பிறகு கேட்டேன். தாழ்ந்த குரலில்தான் கேட்டேன். அவளுக்கு அது மிரட்டல் மாதிரி கேட்டிருக்க வேண்டும்.

"நான் உங்களுக்குத்தான குடுத்தேன்?"

"அவரு பன்னெண்டு மணி நேரம் நிக்கறாரு கௌசி. நா வூட்லதான கெடக்கறேன்."

"வீட்டுல கெடக்கறது நீங்க மட்டுமா? நானுந்தான?"

அவள் தூக்குப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். "நீ எதுத்தாப்ல உக்காந்து நா முழுங்கறதயே பாக்கற. எப்படி எறங்கும்? பரிச்சை எழுதற மாதிரி இருக்குது" என்றாள்.

"முன்னெல்லாம் சாப்பிடுவீங்கல்ல?"

"மசக்கையில நாத்தம் புடிக்கலைன்னு சொன்னேன். அத்தை செரின்னு நிறுத்திப்போட்டாங்க."

"மசக்கை எப்ப போச்சு?"

"அது நாலாம் மாசமே போயிருச்சு."

"அப்பறம்?"

"அப்பறம் ஆரும் கேக்கல."

இதை எழுதும்போது அன்றிலிருந்து எத்தனை முட்டை என்று எண்ணிப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். எண்ணவில்லை.

ஜூலை 11

அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் பயங்கரம்.

"வேண்டாம்னு அவதான சொன்னா. வேணும்னு சொன்னா வெக்க மாட்டனா? நா என்ன எண்ணி எண்ணியா போடறேன்?"

"நீ சாப்புடறியாம்மா?"

"எனக்கெதுக்குடி முட்டை."

"கூட ஒரு அட்டை வாங்கினா என்ன?"

"எதயக் குடுத்து வாங்கறது? இன்னும் பாதி அரிசியையும் குடுத்துப்போட்டா சோத்துக்கு என்னத்தப் பொங்கறது? உன்ற புஸ்தகத்தயா?"

அண்ணன் நிற்கிறான், அதனால் அவனுக்கு ஒன்று. நான் படிக்கிறேன், அதனால் எனக்கு ஒன்று. இந்த வீட்டின் சட்டம் எங்கும் எழுதப்படவில்லை. யாரும் யாரையும் பட்டினி போடவில்லை. குற்றவாளியைத் தேடினால் நான்கு பேர் சாதுவாக உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருக்கிறார்கள்.

ஜூலை 14

முட்டையைப் பிசைந்து அண்ணியின் சோற்றில் கலந்து கொடுத்தேன். சாப்பிட்டாள். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான்.

ஜூலை 16

கலந்து கொடுத்தேன்.

ஜூலை 18

தலைவலி. தேர்வு நெருங்குகிறது. முட்டை ஆளுக்குப் பாதி.

ஜூலை 20

முட்டை சாப்பிட்டேன். வாரக் கடைசி வரை மட்டும்.

ஜூலை 23

முட்டை.

ஜூலை 26

தேர்வு எழுதினேன். பொது விநியோகத் திட்டத்தின் முதன்மை நோக்கம் எது? நான்கு விடைகளில் மூன்றாவது, உணவுப் பாதுகாப்பு. வட்டத்தைப் பேனாவால் நிரப்பினேன். கோட்டைத் தாண்டாமல், அழுத்தமாக.

ஜூலை 29

நர்ஸ். மறுபடி விரலில் குத்து. மறுபடி ஏழு.

"மூணு ஊசியும் போட்டியா?"

"ஒண்ணு போட்டனுங்க."

நர்ஸ் பெட்டியை மூடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு அம்மாவிடம் கேட்டார்: "வீட்ல என்னம்மா சாப்பிடறா இந்தப் பொண்ணு?"

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மூணு வேளையும் வயிறு நெறயத் திங்கறாளுங்க. சோத்துக்கு நம்ம வூட்ல பஞ்சமே இல்லீங்க. ரேசன் அரிசி மிஞ்சித்தான் போவுது."

"நான் சோறு கேக்கலைம்மா."

"வேற என்னங்க கேக்கறீங்க?"

உண்மையாகவே அம்மாவுக்குப் புரியவில்லை. நர்சுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

பாட்டிலைப் பற்றி நான் சொன்னேன். குற்றத்தை அதன் தலையில் போட்டுவிடலாம் என்ற நினைப்பு எனக்கு. நர்ஸ் அதைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தார்.

"பொறுக்காம சாப்பிட்டிருக்கலாம்தான். ஆனா இது இவ்வளவு குறைஞ்சு போனதுக்கெல்லாம் பத்தாது."

பத்தாது. எத்தனை மரியாதையான சொல்.

பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும், கொடுக்க ஆள் தயாராக இருக்கட்டும் என்றார். அண்ணன் இரவு ஷிப்டு முடிந்து தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பவில்லை.

ஆகஸ்ட் 3

பாட்டிலில் வண்டு விழுந்துவிட்டது. மணிகளைக் குடைந்து மாவாக்கியிருக்கிறது.

"பிளாஸ்டிக்க வண்டு திங்குமாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தாள். சாம்பல் போட்டுக் கழுவினாள். வெயிலில் வைத்தாள்.

ஆகஸ்ட் 5

முட்டைக்காரர். பாதி மூட்டை. ஒரு அட்டை. அம்மா இன்று பொறுக்காமலே உலை வைத்தாள்.

சோற்றைத் தட்டில் போட்ட பிறகு அம்மா என் பக்கம் முட்டையை நீட்டினாள். கை பாதி வழியில் நின்றது. அண்ணியைப் பார்த்தாள். அண்ணி உடனே, "எனக்கு வேண்டாமுங்க அத்தை" என்றாள்.

கை மறுபடி என் பக்கம் வந்தது.

ஆகஸ்ட் 11

அண்ணிக்குக் கால் வீங்கியிருக்கிறது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறது. செங்கல்லைச் சுரண்டிச் சுவைத்துப் பார்க்கிறாள் என்று இன்று கண்டுபிடித்தேன். பின்சுவரில் காரை பெயர்ந்த இடத்தில் நகக் கீறல்கள். முதலில் எலி என்று நினைத்தேன். விரல் நுனியில் சிவப்பு. கேட்டதும் கையைப் பின்னால் மறைத்தாள்.

"மண் வாசம் நல்லா இருக்குது கௌசி. அத்தைகிட்டச் சொல்லீராத."

சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மா என்ன செய்திருப்பாள்? இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டிருப்பாள்.

ஆகஸ்ட் 12

என் முட்டையை அவள் வாயில் ஊட்டினேன். அம்மா இருக்கும்போதே. அண்ணன் இருக்கும்போதே. அவர்கள் பார்த்தார்கள். இனி தினமும்.

இனி என்று எழுத எத்தனை நாள் மிச்சமிருக்கிறது.

ஆகஸ்ட் 19

காலையில் வலி. ஆம்புலன்ஸ் வந்தது. பெரிய ஆஸ்பத்திரி. அண்ணியை உள்ளே கொண்டுபோனார்கள். அம்மா தரையில் உட்கார்ந்து வெறுமனே சுவரைப் பார்த்தாள். தறி ஓடாத இடத்தில் அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை.

டாக்டர் வந்து அண்ணனைத் திட்டினார். "இத்தனை நாள் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, "தறிங்க" என்றான். டாக்டர் கேட்டது அது இல்லை.

ரத்தம் ரத்த வங்கியிலிருந்து தந்துவிட்டார்கள். அதற்கு ஈடாக ஒருவர் கொடுக்க வேண்டும். அண்ணன் சட்டையை மடித்துக்கொண்டு முதலில் போனான். போன வருடம் மஞ்சள்காமாலை வந்ததைச் சொன்னான். வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவன், மடித்த கையை இறக்கிவிடவே இல்லை.

நான் போனேன்.

உள்ளே ஒரு டெக்னீஷியன். நாற்பது வயதிருக்கும். விரலில் குத்தினார். இயந்திரத்தில் எண் வரும்வரை நான் சன்னல் கம்பியைப் பார்த்தேன்.

"பதிமூணு."

குறையா நிறையா என்று ஒரு கணம் விளங்கவில்லை.

"நல்லா இருக்கும்மா. பொம்பளப் புள்ளைங்களுக்கு இவ்வளவு வர்றதே இல்ல. வந்து குத்திப் பாத்தா எட்டு, ஒம்போது. பாதிப் பேரத் திருப்பி அனுப்பறோம்." ஊசியை எடுத்துக்கொண்டே பேசினார். "யாருக்குக் குடுக்கறீங்க?"

"அண்ணிக்கு."

"ஒரே வீடா?"

"ஆமாங்க."

அவர் என் கையைப் பிடித்து நரம்பைத் தட்டினார். "என்ன சாப்பிடறீங்க?"

ஒரு வாய் வார்த்தை. நரம்பு கிடைக்கும்வரை பேச்சுக் கொடுக்கிறார். பதில்கூட அவருக்கு வேண்டியதில்லை.

"ரேஷன் அரிசிதாங்க" என்றேன்.

"பாத்தீங்களா?" அவருக்குச் சந்தோஷம். பக்கத்து மேசைப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இவங்க ரேஷன் அரிசிதான் சாப்பிடறாங்களாம். பதிமூணு இருக்கு. அதுலயே எல்லாச் சத்தும் இருக்குது. ஜனங்கதான் சும்மா பத்தல பத்தலன்னு குறை சொல்லிட்டுத் திரியறாங்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

குழாயில் ரத்தம் இறங்கியது. கருஞ்சிவப்பு. கெட்டியாக இருந்தது. பை கொஞ்சம் கொஞ்சமாக வீங்கியது. வாயில் வேகவைத்த மஞ்சள்கருவின் வாடை வந்தது. காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

ஆகஸ்ட் 20

பெண் குழந்தை. எடை குறைவு. அழுகிறது. அண்ணிக்கு இரண்டாவது பாட்டில் ரத்தம் ஏறுகிறது. பிழைத்துக்கொண்டாள் என்று நர்ஸ் ஒருத்தி சொன்னாள். தப்பியோடிய யாரோ ஒரு திருடனைப் பற்றிச் சொல்வது மாதிரி.

ஆகஸ்ட் 21

அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினாள். தூக்குப் பாத்திரத்தில் ரசம் சோறு. மேலே, தனியாகத் துணியில் சுற்றி, அவித்த முட்டை ஒன்று. வேகும்போது கீறல் வழியாக வெள்ளை பிதுங்கி, கட்டி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

வராந்தாவிலேயே என் கையில் திணித்தாள்.

"ரத்தம் குடுத்த புள்ள. தின்னு."

"அண்ணிக்கு?"

"அவளுக்குத்தான் பாட்டில் பாட்டிலா ஏத்தறாங்கல்ல."

முட்டை இன்னும் சூடாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போனேன். அண்ணி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உதட்டு வெளுப்பு கொஞ்சம் தெளிந்திருந்தது. குழந்தை பக்கத்தில் துணிக்குள் கிடந்தது. முகம் மட்டும் தெரிந்தது, சுருங்கி, யார் மேலோ கோபம் போல.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஓட்டை உரித்தேன். ஓட்டோடு வெள்ளையும் பிய்ந்து வந்தது. நகத்துக்குள் புகுந்தது. உரித்ததை அவள் கையில் வைத்தேன்.

"அவரு உண்டுட்டாரா?" என்றாள்.

"உண்டாச்சு."

அண்ணன் நேற்றிலிருந்து டீயைத் தவிர எதுவும் வாயில் வைக்கவில்லை.

"நீயி?"

"உண்டாச்சு."

"பொய் சொல்ற. மொகமே காட்டுது." முட்டையை இரண்டாகப் பிட்டாள். பெரிய பாதியை என்னிடம் நீட்டினாள்.

வாங்கவில்லை. "முழுசும் உங்களுது" என்றேன். அவள் கை நீட்டியபடியே இருந்தது. ஊசி குத்திய கை. பிளாஸ்டருக்கு அடியில் நீலம் பாரித்திருந்தது. நான் எழுந்து சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். பரீட்சை எழுதுவது மாதிரி இருக்கிறது என்று முன்பு சொன்னாளே. கீழே, ஆஸ்பத்திரி வாசலில், யாரோ ஒருவர் இட்லிப் பொட்டலத்தை நாய்க்குப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

பின்னால் அம்மா வந்த சத்தம் கேட்டது. நிச்சயம் பார்த்திருப்பாள். நான் திரும்பவில்லை. எதையாவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

அம்மா குழந்தையின் துணியைச் சரிசெய்தாள் போலிருக்கிறது. தறிப்பட்டறைக் குரலில், வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"வூட்டுக்குப் போனதும் மொத வேலையா ரேசன் கார்டுல இவ பேரச் சேத்திப்போடோணும். அரிசி எச்சா வரும்."

வார்டில் யாரோ, "ஆமாங்க, பொறந்த சீட்டக் கையோட வாங்கிக்குங்க" என்றார்கள்.

திரும்பினேன். அண்ணி எங்களில் யாரையும் பார்க்கவில்லை. இரண்டாவது பாதியும் வாய்க்குள் போயிருந்தது. மென்றுகொண்டிருந்தாள்.